அலை உடையாத இடத்தில்தான் ஆபத்து: அறுகம்குடாவில் உயிர் காப்பது யாருடைய வேலை?

கடந்த ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில், திருக்கோவிலிலிருந்து ஒரு வானில் 11 பேர் அறுகம்குடாவுக்குப் போனோம். சோத்துப் பார்சல், ஐஸ் பெட்டி, பாய், சிறுவர்களுக்கு மாற்றுடுப்பு எல்லாம் இருந்தது. கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, தினமும் அலைச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அந்த 11 பேரில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இது எங்கள் கரையில் அபூர்வமான விடயம் அல்ல என்பதை வாசகர்களில் பலர் அறிவார்கள்.

அக்காவின் மகனுக்கு 13 வயது. அலை உடைந்து நுரைக்கும் இடத்தில் நிற்காதே, அடித்து விழுத்திவிடும் என்று நான்தான் சொன்னேன். அவனும் சொல் கேட்டான். சற்றுத் தள்ளி, அலையே உடையாமல் தண்ணீர் அமைதியாகக் கிடந்த இடத்துக்குப் போனான். “இங்க அலை இல்ல மாமா” என்று கை காட்டியதும் நினைவிருக்கிறது. நான் திரும்பி ஐஸ் பெட்டியைத் திறந்தேன். மறுபடி நிமிர்ந்தபோது அவனுடைய தலை, நான் எதிர்பார்த்த இடத்தைவிட மிகத் தூரத்தில் தெரிந்தது. அவன் கத்தவில்லை. கையை ஆட்டவுமில்லை. முகம் மேலே பார்த்தபடி இருந்தது, அவ்வளவுதான்.

மைத்துனர் தண்ணீருக்குள் இறங்க ஓடினார். இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள், பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குச் சறுக்குப் பலகையில் படுத்துத் துடுப்பு வலிக்கப் பழக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், அவர்களை அப்படியே விட்டுவிட்டுத் தன்னுடைய பலகையில் பாய்ந்து போனார். பையனைப் பலகையில் ஏற்றி, நேராகக் கரைக்கு வராமல், பக்கவாட்டாகச் சுற்றி, நுரை உடையும் இடத்தின் வழியாகக் கொண்டுவந்தார். எல்லாம் நான்கைந்து நிமிடத்துக்குள் முடிந்தது.

மைத்துனர் நடுங்கும் கையால் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்தார். “காசு வேணாம் அண்ணன். பிள்ளைய நிழல்ல இருத்துங்க, வைத்தியசாலைக்கும் ஒருக்காக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பொத்துவில் இளைஞர் திரும்பிப் போனார். காத்திருந்த தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தேன். அவருடைய தொழில் அலைச்சறுக்குப் பழக்குவது. உயிர் காப்பதற்கு அவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த இளைஞர் அங்கே இல்லாமல் இருந்திருந்தால், அந்த இடத்தில் அந்த வேலையைச் செய்யவேண்டியவர் யார்?

அமைதியான தண்ணீரின் பொய்

முதலில் என்னுடைய தவறைப் பேசவேண்டும். ஏனென்றால் அது என்னுடைய தவறு மட்டுமல்ல.

கரையை நோக்கி வரும் ஒவ்வொரு அலையும் தண்ணீரைக் கரையில் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் எப்படியும் கடலுக்குத் திரும்பவேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே, பாறைகளின் ஓரமாக, எங்கே ஆழம் கொஞ்சம் அதிகமோ அங்கே அது ஒன்றுசேர்ந்து, ஒரு வாய்க்கால் போலக் கடலை நோக்கி ஓடுகிறது. இதைத்தான் இழுவை நீரோட்டம் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வெறுமனே ‘இழுப்பு’ என்போம். ஆழம் அதிகமாக இருப்பதால் அந்த இடத்தில் அலை உடைவதில்லை. அதனால் வெளிப்பார்வைக்கு அதுவே கரையின் மிக அமைதியான பகுதியாகத் தெரிகிறது. பிள்ளைகளை நாங்கள் அனுப்பி வைப்பதும் அங்கேதான்.

இந்த நீரோட்டம் பெரும்பாலும் ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் சில நேரங்களில் செக்கனுக்கு 2 மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டும். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்திக் கரைசேர முடியாது. அது ஆளைக் கீழே இழுத்து அமிழ்த்துவதில்லை. கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோகிறது. மாட்டிக்கொண்டவர் பயந்து, நேராகக் கரையை நோக்கி நீந்த முயன்று, களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்.

அலைச்சறுக்குக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் இந்த நீரோட்டத்தைத் தேடிப் போகிறார்கள். கை வலிக்காமல் அலைக்குப் பின்னால் போய்ச் சேர அதுவே அவர்களுக்கு இலவச வண்டி. ஒரே தண்ணீர் அவர்களுக்குப் பாதையாகவும் எங்கள் பிள்ளைக்குப் பொறியாகவும் இருக்கிறது. இடையில் இருக்கும் வித்தியாசம் தைரியம் அல்ல, அறிவு. அந்த அறிவை இந்த நாட்டில் பாடசாலையிலோ கடற்கரையிலோ எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கடல் சுற்றுலாவுக்கு, கரை யாருக்கு?

அறுகம்குடா உலக அலைச்சறுக்கு வரைபடத்தில் உள்ள இடம். 2019 செப்டெம்பரில் உலக சேர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி ஒன்று இங்கு நடந்தது. ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காலத்தில், தெற்கிலிருந்து வரும் அலைகள் ஒழுங்காக உடைகின்றன. வடக்கே பொத்துவில் பொயின்ற், விஸ்கி பொயின்ற், நடுவே மெயின் பொயின்ற், பேபி பொயின்ற், தெற்கே எலிஃபன்ட் றொக், பீனட் ஃபார்ம் என்று பாணமைப் பக்கம்வரை அலைமுனைகள் நீள்கின்றன. 2024இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 20 இலட்சத்தைத் தாண்டியது. அறுகம்குடாவின் ஹோட்டல்கள், ஓட்டோக்கள், பலகை வாடகைக் கடைகள் எல்லாம் அந்த வருகையை நம்பியே நிற்கின்றன.

ஆனால் போயா விடுமுறையிலும், பெருநாளுக்கு மறுநாளும், ஞாயிற்றுக்கிழமை பின்னேரமும் இந்தக் கரையில் நின்று பாருங்கள். மொனராகலையிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், அக்கரைப்பற்று, கல்முனை, சம்மாந்துறை, மட்டக்களப்பு என்று வான்களில் வந்தவர்கள். சாரமும் டெனிமும் சாரியும் அபாயாவும் அணிந்தபடியே தண்ணீரில் இறங்குகிறார்கள். நனைந்த துணி கனமாகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வெளிநாட்டுக்காரர் காலில் பலகையைக் கட்டியிருக்கிறார். அதுவே அவருக்கு மிதவை. பலரும் சிறுவயதிலேயே நீந்தப் பழகியவர்கள். எங்கள் ஆட்களிடம் மிதப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆக, சேர்ஃபிங் கரையில் ஆபத்தில் இருப்பவர் பெரும்பாலும் சேர்ஃபிங் செய்பவர் அல்ல. பார்க்க வந்து, முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவர். நாங்கள் கடற்கரைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சுற்றுலாத் துறையின் நற்பெயர் என்ற கோணத்திலேயே பேசுகிறோம். ‘பயணி ஒருவர் மூழ்கினால் நாட்டுக்கு அவப்பெயர்’ என்கிறோம். எங்கள் பிள்ளை மூழ்கினால் அது ‘கவனயீனம்’. அடுத்த நாள் பத்திரிகையில் நான்கு வரி.

நான் அன்று நின்ற இடத்துக்கு அருகே ஒரு எச்சரிக்கைப் பலகை இருந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தமிழ் பேசுபவர்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு பிரதேசத்தின் கரை அது. அதை யார் வைத்தார்கள் என்பது முக்கியமல்ல. யாரை நினைத்து வைத்தார்கள் என்பதுதான் முக்கியம்.

பொறுப்பாளிகள் பலர்

நியாயமாகச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் உயிர்காப்பாளர்கள் இல்லை என்பதல்ல பிரச்சினை. பொலிஸ் திணைக்களத்தில் உயிர்காப்புப் பிரிவு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவான கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திலும் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். பிரபல கடற்கரைகளில் இவர்கள் வெளிநாட்டவரையும் உள்நாட்டவரையும் மீட்ட செய்திகள் அடிக்கடி வருகின்றன. பல தசாப்தங்களாகப் பயிற்சி அளித்துவரும் உயிர்காப்புச் சங்கமும் இருக்கிறது. கடற்படை இருக்கிறது. கரையோரம் பேணும் திணைக்களம், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச சபை எல்லாமே இருக்கின்றன.

இத்தனை பேர் இருப்பதே ஒரு சிக்கல். ‘இந்தக் கரையில், இந்த மணித்தியாலத்தில், இந்தக் கொடியிலிருந்து அந்தக் கொடிவரை, கண்காணிக்கும் பொறுப்பு என்னுடையது’ என்று சொல்லவேண்டிய ஒரே நிறுவனம் எது என்று ஒரு சாதாரண குடிமகனால் கண்டுபிடிக்க முடியாது. நான் முயன்று பார்த்தேன். ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் ஆட்பற்றாக்குறை என்றார்கள். அதுவும் உண்மையாகவே இருக்கலாம்.

ஆட்பற்றாக்குறை என்ற பதில் எப்போதும் செல்லுபடியாகாது என்பதை இந்தக் கரையே ஒருமுறை காட்டியது. 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி, அறுகம்குடாவில் தாக்குதல் நடக்கக்கூடும் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. உடனேயே பொலிஸாரும் விசேட அதிரடிப்படையினரும் கரையில் குவிக்கப்பட்டார்கள். வீதித்தடைகள் வந்தன. அந்த அச்சுறுத்தலைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமல்ல. 2019 ஏப்ரலைக் கண்ட நாட்டில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு கரையில் மனித உயிர் ஆபத்தில் இருக்கிறது என்று அரசு நம்பினால், ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்த அதனால் முடியும். மூழ்குவதை அது அப்படியொரு ஆபத்தாக நம்பவில்லை.

காரணமும் விளங்காததல்ல. மூழ்குதல் ஒவ்வொன்றாக நடக்கிறது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது நாடே அதிர்ந்தது. ஆனால் குளத்தில் ஒருவர், ஆற்றில் இருவர், கடலில் ஒருவர் என்று இலங்கை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரை இழப்பது யாரையும் அதிரவைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எங்களைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

நான்கு நிமிடக் கணக்கு

‘1990 அம்புலன்ஸ் இருக்கிறதே, பொத்துவில் வைத்தியசாலை பக்கத்தில்தானே’ என்று சிலர் கேட்கலாம். இரண்டும் பெறுமதியானவை. ஆனால் மூழ்குதலின் கணக்கு வேறு. மூச்சு நின்று நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை சேதமடையத் தொடங்குகிறது. தகவல் கிடைத்து, வாகனம் புறப்பட்டு, விடுமுறை நாள் நெரிசலில் உல்லைச் சந்துகளைக் கடந்து, மணலில் நடந்து வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். கரையில் ஏற்கெனவே நிற்கும் ஒருவரால் மட்டுமே அந்த நிமிடங்களைப் பயன்படுத்த முடியும். அதனால்தான் உயிர்காப்பாளர் என்பவர் அவசரத்துக்கு அழைக்கும் சேவை அல்ல. அவர் அங்கேயே இருக்கவேண்டும்.

நல்ல உயிர்காப்பாளரின் வேலையில் பெரும்பகுதி தண்ணீருக்குள் பாய்வதும் அல்ல. காலையில் வந்து இழுப்பு இன்று எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது. பாதுகாப்பான பகுதியின் இரு எல்லைகளிலும் சிவப்பு மஞ்சள் கொடிகளை நடுவது. இறங்கவே கூடாத நாளில் சிவப்புக் கொடி ஏற்றுவது. தவறான இடத்தில் நிற்கும் பிள்ளையை விசில் ஊதி அழைப்பது. அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வீரச்செயல் அல்ல. ஒரு விசில் சத்தம் போதுமாக இருந்திருக்கும்.

சீசன் முடிந்த பிறகு

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது நவம்பருக்குப் பிந்திய காலம். அப்போது கிழக்கில் வடகீழ்ப் பருவக்காற்று. கடல் கலங்கி, காற்று கரையை நோக்கி வீசி, மழைவெள்ளத்தால் களப்பின் முகத்துவாரம் உடைத்துப் பாயும் காலம். பயணிகள் ஹிக்கடுவ, வெலிகம, மிரிஸ்ஸ என்று தெற்குக்குப் போய்விடுகிறார்கள். ஹோட்டல்கள் பல பூட்டப்படுகின்றன. அலைச்சறுக்குப் பழக்கும் இளைஞர்களில் பலரும் வேலை தேடி அவர்களுக்குப் பின்னாலேயே தெற்குக்குப் போகிறார்கள்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு டிசெம்பர்தான் நீண்ட பாடசாலை விடுமுறை. நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் எல்லாம் அந்தக் காலத்தில்தான். கடல் மிக மோசமாக இருக்கும் மாதங்களில்தான் உள்ளூர்க் குடும்பங்கள் வருகின்றன. சம்பளமில்லாமல் உயிர் காத்துக்கொண்டிருந்தவர்களும் அப்போது கரையில் இல்லை. சுற்றுலாப் பருவத்தை வைத்துப் பாதுகாப்பைத் திட்டமிட்டால் நடப்பது இதுதான்.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

அவுஸ்திரேலியாவில் உயிர்காப்புக் கழகங்கள் அரசாங்கத்தின் திட்டமாகத் தொடங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் பகலில் கடலில் குளிக்கப் பெருந்தொகையாக வரத்தொடங்கினார்கள். மூழ்கத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்களே கழகங்களாகச் சேர்ந்தார்கள். 1907இல் அவை ஒரு சங்கமாயின. 1938 பெப்ரவரி 6ஆம் திகதி சிட்னியின் பொண்டாய்க் கரையில் அடுத்தடுத்து வந்த பேரலைகள் நூற்றுக்கணக்கானோரைக் கடலுக்குள் இழுத்தன. ஐந்து பேர் இறந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் மீட்கப்பட்டார்கள். காரணம், அந்த நேரம் கழகத்தின் தொண்டர்கள் பலர் கரையில் நின்றார்கள்.

‘அது பணக்கார நாடு’ என்று சொல்பவர்களுக்கு கோவாவைக் காட்டலாம். கடலில் தொடர்ச்சியாக உயிரிழப்புகள் நடந்த பிறகு, 2008இல் அந்த மாநில அரசு கரைப் பாதுகாப்பை ஒப்பந்த அடிப்படையில் ஒரு தொழில்முறைச் சேவையாக்கியது. கடலை அறிந்த உள்ளூர் இளைஞர்களுக்கு அது சம்பளத்துடன் கூடிய வேலையானது.

இந்த இரண்டிலும் பொதுவானது, கடலை ஏற்கெனவே அறிந்தவர்களை அடையாளம் கண்டு, பயிற்சியும் பொறுப்பும் கொடுத்தது. அறுகம்குடாவில் அப்படியானவர்கள் இல்லையா? உல்லையிலும் பொத்துவிலிலும் பாணமையிலும் அலையை வாசிக்கத் தெரிந்த தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். 2018இல் இலங்கையின் முதலாவது பெண்கள் சேர்ஃப் கழகம் உருவானதும் இதே கரையில்தான். அது சிறிய விடயம் அல்ல. 2004 சுனாமியில் இந்தக் கரையோரத்தில் பெண்களும் சிறுவர்களும் கூடுதலாக இறந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அவர்களுக்கு நீந்தத் தெரியாமல் இருந்தது.

செய்யக்கூடியவை

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. முதலாவது, ஒவ்வொரு பிரபல கரைக்கும் ஒரே ஒரு பொறுப்பு நிறுவனத்தை எழுத்தில் அறிவிக்கவேண்டும். பொலிஸா, கரையோரப் பாதுகாப்பா என்பது எனக்குப் பொருட்டல்ல. அந்தப் பெயரும் தொலைபேசி இலக்கமும் பலகையில், மூன்று மொழியிலும் இருக்கவேண்டும்.

இரண்டாவது, இப்போது இலவசமாக உயிர் காக்கும் பயிற்றுநர்களையும் மீனவர்களையும் முறையாகப் பயிற்றுவித்து, சான்றிதழ் கொடுத்து, விடுமுறை நாட்களுக்கும் நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் கொடுப்பனவுடன் அமர்த்தவேண்டும். சுற்றுலா நிறுவனங்களின் விற்பனைப் புரள்வில் 1 வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரியாக அறவிடப்படுகிறது. அதில் ஒரு துளி அது சம்பாதிக்கப்படும் கரைக்கே திரும்பட்டும். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்ற பிரதேச சபைகளும், வாகனத் தரிப்பிடம், கழிவகற்றல் பற்றிப் பேசும் அதே கூட்டத்தில் இதையும் பேசலாம்.

மூன்றாவது, பாடசாலை. உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகப் பரிந்துரைப்பவற்றில் இரண்டு: பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப்பாதுகாப்பும் கற்பிப்பது, அருகில் நிற்பவர்களுக்குப் பாதுகாப்பான மீட்பும் செயற்கைச் சுவாசமும் பழக்குவது. நீச்சல் தடாகம் கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இழுப்பு எப்படி இருக்கும் என்று கரும்பலகையில் வரைந்து காட்ட ஒரு வெண்கட்டி போதும்.

அதுவரை, இதை வாசிப்பவர்கள் சிலவற்றை வீட்டில் சொல்லிவையுங்கள். நுரைக்கு நடுவே அமைதியாகக் கிடக்கும் தண்ணீரை நம்பவேண்டாம். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடவேண்டாம். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாக நகர்ந்து, அலை உடையும் பக்கம் போங்கள். மூழ்குபவர் கத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் சத்தமில்லாமல்தான் போவார். நீந்தத் தெரியாமல் பின்னால் பாயாதீர்கள். மூடிய ஐஸ் பெட்டி, வெற்றுத் தண்ணீர்க் கான், கயிறு, எது மிதக்குமோ அதை எறியுங்கள். அன்று ஐஸ் பெட்டி என் கைக்குக் கீழேயே இருந்தது. அது மிதக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பரில் அந்த இளைஞருக்கு நன்றி சொல்ல மறுபடியும் போனேன். அவர் வெலிகமவுக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார். கரையில் பலகைகள் இல்லை, அலை கலங்கலாக உடைந்துகொண்டிருந்தது. நான் திரும்பும்போது, சிறுவர்கள் நிறைந்த ஒரு வான் வந்து நின்றது. கதவு திறக்குமுன்பே அவர்கள் செருப்பைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள்.

இறங்கி, அவர்களோடு வந்த பெரியவரிடம் போய், இழுப்பு ஓடும் இடத்தைக் காட்டினேன். அவர் நன்றி சொன்னார். நான் போன பிறகு வரும் வானுக்கு அதைச் சொல்ல அங்கே ஒருவர் இருக்கவேண்டும்.